வடைக்கு அடியில் அக்கா

உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிக்கிற வயதுக்கு வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்க அதைத் தேடுகிறவர்கள், காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்கள், யாராவது செத்துப்போனார் என்றால் முதலில் அவர் வயதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் வரலாம். சிவகாசிப் பக்கம் வளர்ந்து, பள்ளி நோட்டுக்கு வேஸ்ட் ஷீட்டில் அட்டை போட்டவர்களாக இருந்தால் முன்வரிசையிலேயே உட்காரலாம். சாய்ந்துகொள்ளச் சுவரும் உண்டு.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அச்சு மெஷினில் ஒரு படம் சரியாக விழுவதற்குள், ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் பொருந்தி உட்காருவதற்குள், கத்தை கத்தையாகக் காகிதம் வீணாகும். முருகனுக்கு உதடு கன்னத்தில் இருக்கும். கிளியின் பச்சை கிளியை விட்டுத் தனியாகப் பறந்துகொண்டிருக்கும். அந்தத் தாள்தான் வேஸ்ட் ஷீட். எங்கள் ஊரில் அதை யாரும் காகிதம் என்று நினைத்ததில்லை. அது தண்ணீர் மாதிரி என்று சொல்ல வந்தேன். ஆனால் தண்ணீர் எங்களுக்கு அப்படியொன்றும் சுலபமாகக் கிடைத்த பொருள் அல்ல. வெயில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கும் கிடக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். அலமாரித் தட்டில் அது, டிரங்குப் பெட்டிக்கு அடியில் அது, ஜன்னலில் கண்ணாடி போன கட்டத்தில் அது.

ஒரு பக்கம் படம், மறுபக்கம் வெறும் வெள்ளை. தின்கிற சாமான் வைக்கும்போது வெள்ளைப் பக்கம் மேலே இருக்க வேண்டும், மை வயிற்றுக்குள் போகக் கூடாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தவழ்கிற குழந்தைக்கும் எங்கள் ஊரில் இது தெரியும்.

எங்கள் அப்பா அப்படியொரு அச்சகத்தில் மேனேஜர். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கிற கம்பெனி. அவர் வேலை விட்டு வரும்போது அவருக்கு முன்னால் மண்ணெண்ணெயும் மையும் கலந்த ஒரு வாசனை வாசலில் வந்து செருப்பைக் கழற்றும். அம்மா விருதுநகர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தினமும் பஸ். வந்ததும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவாள். ஒவ்வொரு விரலாக, விரலுக்கு இடுக்காக. அது முடிகிற வரைக்கும் அக்காவும் நானும் அவளைத் தொடாமல் நிற்க வேண்டும். பிறகு ஒரு வாளி வெந்நீரில் இரண்டு கால்களையும் விட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். அம்மா என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பாதங்கள்தான். வாளித் தண்ணீரில் ஊறி வெளுத்து, பக்கத்து வீட்டாருடையவை மாதிரி இருக்கும்.

அந்த வருஷம் எனக்குப் பன்னிரண்டு வயது. அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். நர்சிங் படிப்புக்கு மனுப் போடுவதற்காக ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். அந்த போட்டோவில் ஒரு பிரதியை அப்பா தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கம்பி மத்தாப்புப் பெட்டிக்குப் புது லேபிள் வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அதுவரைக்கும் ஏதாவது ஒரு நடிகையின் சாயலில் படம் வரைந்துவிடுவார்கள். அந்த வருஷம் முதலாளிக்கு என்னமோ தோன்றிவிட்டது. 'குடும்பத்துப் பொண்ணு மாதிரி ஒரு மொகம் வேணும்யா, பாத்தா நம்ம வீட்டுப் புள்ள மத்தாப்புப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கணும்' என்றாராம். அப்பா பையிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினாராம். முதலாளி சொன்னால் அப்பா நீட்டிவிடுவார். அது அவருடைய சுபாவம்.

அச்சகத்து ஆர்ட்டிஸ்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் சர்ச்சுக்குப் போய்த் திரும்பிய நேரத்தில், அசல் முகத்தைப் பார்க்க வீட்டுக்கே வந்தார். அக்காவை ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னார், கதவுப் பக்கம் திரும்பச் சொன்னார். நானும் தலையைச் சீவிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சின்னதுக்கும் நல்ல மொகம்தான் சார்" என்று அப்பாவிடம் சொன்னார். "ஆனா இது வேற சரக்கு. குருவி வெடிக்கு ஆகும்."

இந்தத் தீர்ப்பை எதிர்த்து நான் இன்றைக்கு வரைக்கும் மேல்முறையீடு செய்யவில்லை. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதரின் தொழில் ஞானத்தை மெச்சியிருக்கிறேன்.

லேபிள் அடித்து வந்தபோதுதான் வீட்டில் இடி விழுந்தது. அக்கா இருந்தாள். அக்காவின் கண், அக்காவின் மூக்கு, அந்த மேல் உதட்டு மச்சம்கூட. ஆனால் நெற்றியில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு குங்குமப் பொட்டு, மூக்கில் கல் வைத்த மூக்குத்தி, தலையில் ஒரு முழம் மல்லிகை, கழுத்தில் அவள் அதுவரை தொட்டுப் பார்த்திராத நகைகள். நாங்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். அம்மா நெற்றியில் வியர்வையைத் தவிர நான் வேறு எதையும் பார்த்ததில்லை.

"இதென்னங்க, பொட்டு வச்சிருக்காக?" என்றாள் அம்மா.

"தீவாளிச் சரக்குல பொட்டில்லாத பொண்ணப் போட்டா கடைக்காரன் வாங்க மாட்டாம்னு முதலாளி சொல்லிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

அப்பா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அவர் செய்தித்தாளைப் பிரித்த விதத்திலேயே தெரிந்தது.

அக்கா அந்த லேபிளை வாங்கிக்கொண்டு போய் அடுப்படி வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிடித்திருந்ததா பிடிக்கவில்லையா என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

லேபிளைப் பெட்டியில் ஒட்டுகிற வேலை எங்கள் தெருவில் பாதி வீடுகளில் நடந்தது. கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக வரும். மைதாப் பசையைக் காய்ச்சி, வாசலில் உட்கார்ந்து தடவித் தடவி ஒட்டுவார்கள். தெருவே புளித்த பசை வாசனை அடிக்கும். பக்கத்து வீட்டு அக்கா, குழாயடியில் எங்கள் அக்காவைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடுவாள்.

"வாட்டி மகாராணி. காலையில இருந்து ஒம் மூஞ்சியிலதான் பசை தடவிக்கிட்டிருக்கேன். கன்னம் வலிக்குதா?"

இப்படிச் சிரித்துக்கொண்டு அந்த சீசன் போயிருக்கும். ஆனால் நர்சிங் படிப்புக்கு அக்காவுக்கு மதுரையில் இடம் கிடைத்த அதே வாரம், அத்தை சாத்தூரிலிருந்து ஒரு வரனோடு வந்தாள். அத்தை அப்பாவுக்கு அக்கா முறை. எந்தச் செய்தியையும் முறுக்கைக் கடித்துக்கொண்டுதான் சொல்வாள், எதிராளிக்குக் குறுக்கே பேச இடம் இருக்காது.

"மாப்பிள்ளைக்கு வாத்தியார் வேலை. ஒத்தைக்கு ஒரு பையன். மாப்பிள்ளையோட அம்மா ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டையர் ஆனவுக. ஒண்ணும் கேக்க மாட்டாக தம்பி, ஒரே ஒரு கண்டிசன்தான். நர்சு படிப்பு வேண்டாம்ங்காக. ராத்திரி டூட்டிக்குப் போற மருமக அவுக வீட்டுக்கு ஒத்து வராதாம்."

இதைச் சொன்னபோது அத்தை தின்றுகொண்டிருந்த முறுக்கு, ராத்திரி டூட்டி முடித்து வந்து அம்மா சுட்டது. அம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால்தான் நின்றாள். அரிகரண்டியில் அடுத்த ஈட்டை எடுத்து வடிய விட்டாள். அத்தைக்கு நல்ல மனசு. அவள் சொன்னதில் ஒரு கெடுதலும் இருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்காது.

அத்தை போன பிறகுதான் அம்மா கேட்டாள். "அவள்ட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"அவள்ட்ட என்னத்தக் கேக்க? சின்னப்புள்ள."

"கெட்டிக்குடுக்கப் பெரிய புள்ள. கேக்க மட்டும் சின்னப்புள்ளயா?"

"வந்த சம்பந்தத்தக் காலால எத்தச் சொல்றியா? படிப்பு எங்கயும் போகாது."

மதுரைக்குப் போய்ச் சேர வேண்டிய நாள் அந்த மாசக் கடைசி. படிப்பு எங்கேயும் போகாதுதான். அக்காதான் போக முடியாது.

அக்கா அழவில்லை. அவள் அழுகிற ரகமில்லை. வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரங்களையும் விளக்கினாள். மறுநாளும் அவற்றையே விளக்கினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருக்கும்போது, முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"எனக்குப் போகணும்மா. நீ போற மாதிரி வெள்ளைச் சேலை கெட்டிக்கிட்டுப் போகணும். இனி முடியவே முடியாதாம்மா?"

"தலையை ஆட்டாத. நேரா இரு" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். கல் நெஞ்சுக்காரி என்று நான் நினைத்தேன். பன்னிரண்டு வயதில் எனக்கு எல்லாரைப் பற்றியும் ஒரு முடிவு இருந்தது. அதில் பெரும்பாலானவற்றை அப்புறம் சரிபார்க்காமலே விட்டுவிட்டேன் என்பதை இந்த வயதில்தான் கவனிக்கிறேன்.

பெண் பார்க்க வருகிற நாள் குறித்தாயிற்று. அப்போதுதான் அத்தைக்கு லேபிள் விஷயம் தெரிந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி தம்பி! அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா, சபையில எவளாவது கனகாம்பரம் வச்சாலே மொறைச்சுப் பாக்கிறவுக. பொட்டும் மூக்குத்தியுமா இந்த மூஞ்சியப் பாத்தாகன்னா அன்னிக்கோட சரி. ஒரு படம் கண்ணுல படக் கூடாது, சொல்லிட்டேன்."

அப்பா அன்றையிலிருந்து ஒரு போலீஸ்காரர் ஆனார். வீட்டில் இருந்த மத்தாப்புப் பெட்டிகள் ஒன்றுவிடாமல் அச்சகத்துக்குத் திரும்பிப் போயின. அக்கா முகம் போட்டிருந்த என் வரலாற்று நோட்டின் அட்டையை உரித்து, பறந்துபோன பச்சைக் கிளியால் வேறு அட்டை போட்டார். அலமாரித் தட்டுகளைக் குனிந்து குனிந்து பார்த்தார். அதோடு நிற்கவில்லை. தெருவில் லேபிள் ஒட்டுகிற வீடுகளுக்கெல்லாம் போனார். பேண்ட் சட்டை போட்ட ஒரு மேனேஜர், பசைச் சட்டிகளுக்கு முன்னால் நின்று கெஞ்சியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

"அன்னைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் எம் மகள ஒட்டாம இருங்க."

"லோடு ஏத்த வண்டி வந்து நிக்குமே சார்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "ஆர்டர் நிக்குது. ஒங்க மகள ஒட்டலைன்னா எங்க வீட்டுல உலை வைக்க முடியாது. வேணும்னா கதவச் சாத்திக்கிட்டு ஒட்டுறோம்."

அப்படித்தான் ஒப்பந்தம் ஆனது. அந்தப் புழுக்கத்தில், எங்கள் தெருவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடு கதவு சாத்தியிருந்தது. ஊரில் ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொண்டேதான் சாத்தூர்க்காரர்கள் நடந்து வந்திருப்பார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா. அத்தை அவர்களுக்கு முன்னால் வழிகாட்டி மாதிரி வந்தாள். மாப்பிள்ளை உட்கார்ந்ததிலிருந்து தன் செருப்பில்லாத கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா கேள்வி கேட்டால் எங்கள் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார் போல இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சந்தோஷமாக இருந்தார். அவர் வந்த காரியம் வேறு என்று பிறகுதான் தெரிந்தது. வீட்டில் மனைவிக்குத் தெரியாமல்தான் எண்ணெய்ப் பண்டம் தின்ன முடியும் போலிருக்கிறது.

அடுப்படியிலிருந்து உளுந்து வடை வாசனை வந்தது. அம்மா அன்று காலையில்தான் டூட்டி முடித்து வந்து, கண் மூடாமல் உளுந்து ஆட்டினாள். அக்கா பெரிய தாம்பாளத்தைக் கொண்டுவந்து நடுவில் முக்காலிமேல் வைத்தாள். எண்ணெய் உறிஞ்சுவதற்காகத் தாம்பாளத்தில் வேஸ்ட் ஷீட் விரித்து, அதன்மேல் வடைகள் கோபுரமாக இருந்தன. எல்லாரும் வடையைப் பார்த்தார்கள். வேஸ்ட் ஷீட்டை யார் பார்ப்பார்கள்?

மாப்பிள்ளையின் அப்பா முதல் வடையை எடுத்தார். இரண்டாவது எடுத்தார். மூன்றாவதை எடுத்தபோது கோபுரத்தின் ஓரம் சரிந்தது.

"அட, படமெல்லாம் போட்ட தாளா?" என்றார் வாயில் வடையோடு. "கண்ணு ஒண்ணு பாக்குது!"

எங்கள் அப்பா அந்தத் தாம்பாளத்தை அப்போதுதான் பார்த்தார். அவர் முகம் வேஸ்ட் ஷீட்டின் பின்பக்கம் மாதிரி ஆயிற்று. அத்தை வேகமாகக் குனிந்து ஒரு வடையை எடுத்து அந்தக் கண்ணின்மேல் வைத்து மூடினாள்.

"எடுக்காதீக அண்ணே, இது ஆறிப்போச்சு. சூடா வேற கொண்டாரச் சொல்றேன்."

"ஆறுனாத்தான் தாயி ருசி" என்று அவர் அத்தை வைத்த அதே வடையை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு விளையாட்டு மாதிரி இருந்தது. அவர் எடுக்க எடுக்க அத்தை மூட, அத்தை மூட மூட அவர் எடுக்க, ஒரு கட்டத்தில் வடை தீர்ந்துபோனது. தாம்பாளம் முழுக்க எங்கள் அக்கா, வரிசை வரிசையாக. எண்ணெய் ஊறி, பொட்டெல்லாம் ஈரக் குங்குமம் மாதிரி மினுங்கியது.

"ஏ, இங்கன பாரு!" மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "இது நம்ம பொண்ணுல்லா? அச்சு அசலா! எம்புட்டு லெச்சணமா இருக்கு!"

மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைத் திறந்து, கண்ணாடியை எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். பரீட்சைத் தாள் திருத்துகிற நிதானம்.

"இது எதுக்கு அச்சடிச்சது?"

"மத்தாப்புப் பொட்டிக்கு" என்றார் அப்பா, நின்றுகொண்டே.

"எங்கெல்லாம் போகும்?"

அப்பா பொய் சொல்லியிருக்கலாம். அவரால் முடியாது. போதாக்குறைக்குக் கம்பெனிப் பெருமையும் சேர்ந்துகொண்டது. "வடக்க டெல்லி, கல்கத்தா வரைக்கும் லோடு போகுதும்மா."

"அப்ப எம் மருமகள டெல்லியில கொளுத்துவாங்க."

"இல்லம்மா, கொளுத்துறது உள்ள இருக்கிற கம்பியத்தான். பொட்டிய யாரும் கொளுத்த மாட்டாங்க."

"பொட்டிய என்ன செய்வாங்க?"

அப்பா யோசித்தார். நேர்மையான மனிதர். "தெருவுல போட்டுருவாங்க" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் வைத்துப் பையை மூடினார். அந்தக் கிளிக் சத்தத்தோடு சம்பந்தம் முடிந்தது. கிளம்பும்போது மாப்பிள்ளை முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அது வருத்தமா நிம்மதியா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வாசல் தாண்டியதும் அப்பா அடுப்படிக்குப் போனார். அவர் அம்மாவிடம் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"வெள்ளைப் பக்கம் எது, படப் பக்கம் எதுன்னு தெரியாத ஒரு பொம்பள சிவகாசியில இருப்பாளா?"

"விடிய விடிய முழிச்சிருந்த கண்ணு. தெரியல" என்றாள் அம்மா. தாம்பாளத்திலிருந்து அந்தத் தாளை உருவி, நாலாக மடித்து அடுப்பில் போட்டாள். எண்ணெய்த் தாள், குப்பென்று பற்றியது. பிறகு கை கழுவப் போனாள். முழங்கை வரைக்கும்.

அந்தத் தாள் மட்டுமல்ல, அந்த லேபிளில் ஒன்றுகூட இன்றைக்கு எங்களிடம் இல்லை. பழைய பட்டாசுக் கடைகளில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். லேபிள் சேர்க்கிறவர்களைக்கூடப் போய்ப் பார்த்தேன். அவர்களிடம் யானை இருக்கிறது, ரயில் இருக்கிறது, தொப்பி போட்ட குரங்கு இருக்கிறது. அக்கா இல்லை. ஒரு தீபாவளிக்கு ஊர் ஊராகப் போய்ச் சாக்கடையில் மிதந்துவிட்டு முடிந்துபோனாள்.

இனி உடனே வேறு வரன் தேட முடியாது என்று அத்தை சொல்லிவிட்டாள். பேச்சு அடங்க வேண்டுமாம். "சும்மா வீட்டுல இருந்தா இந்த மூஞ்சியப் பாத்து நாலு பேரு கேப்பான். பேசாம மதுரைக்கே போகட்டும்" என்றார் அப்பா. மாசக் கடைசியில் அக்கா போனாள். வெள்ளைச் சேலை கட்டினாள். பல ஊர் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தாள். நடுவில் தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். இப்போது ரிட்டையர் ஆகி விருதுநகரில் இருக்கிறாள்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு பெயர் நிலைத்தது. பால் பொங்கினால், சாவி தொலைந்தால், குழம்பில் உப்புக் கூடினால் அப்பா சொல்வார்: "வடைத் தாம்பாளம் விரிச்ச கைதான?" நாங்கள் சிரிப்போம். கல்யாண வீடுகளில் அத்தை அந்தக் கதையை நடித்தே காட்டுவாள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அம்மா இறந்துபோன அன்றைக்கு, வீட்டில் கூடியிருந்தவர்களில் யாரோ, "பாவம், கவனம் பத்தாது. ஆனா நல்ல மனுசி" என்றார்கள். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து அலமாரிச் சாவியை அம்மாவை நம்பித்தான் கொடுப்பார்கள் என்பதும், பணிக்காலம் முழுவதும் ஒரு மாத்திரை மாற்றிக் கொடுத்தாள் என்று ஒரு பேச்சு வந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். மனிதர்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று எழுத்தாளர் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசியும் இருக்கிறேன். அந்தப் பெயரையும் அந்தச் சாவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

போன மாசம் அக்காவும் நானும் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு பேருக்கும் புரை. கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்தை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள், துடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஒரு சின்ன வயது நர்ஸ் போய்விட்டது. பெஞ்சில் எங்களை மாதிரி இன்னும் பத்துப் பேர் கண்ணை மூடிக்கொண்டு, ஜெபக்கூட்டம் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நான் பழைய மருந்துச் சீட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

"அம்மா மாதிரியே ஆயிட்டேன்க்கா. எனக்கும் கவனம் பத்தல" என்றேன்.

அக்கா, "அம்மாவுக்கா?" என்றாள்.

"வடைத் தாம்பாளத்த மறந்துட்டியா?"

"ஏட்டி, அந்தத் தாம்பாளத்துக்குத் தாள் விரிச்சது நானு. வெள்ளைப் பக்கம் மேல வச்சுத்தான் விரிச்சேன். வடையக்கூட அடுக்கிட்டேன்."

கண்ணைத் திறக்கப் பார்த்தேன். வெளிச்சம் குத்தியது. மறுபடி மூடிக்கொண்டேன்.

"அம்மா வந்து ஒவ்வொரு வடையா எடுத்து வேற தட்டுல வச்சா. நான் விரிச்ச தாள உருவிட்டு, பரண்ல ஒளிச்சு வச்சிருந்த எம் படத் தாள எடுத்தா. படம் மேல வர்ற மாதிரி திருப்பிப் போட்டா. பெட்டுக்கு விரிப்புப் போடுவால்ல, ஒரு சுருக்கம் இல்லாம, நாலு மூலையும் கையால நீவி? அதே மாதிரி நீவி விட்டா. பெறகு வடைய அடுக்குனா. வந்த மனுசன் மூணு வடைக்கு மேல திங்கணுமேன்னுதான் அவளுக்குக் கவலை."

"நீ ஒண்ணும் கேக்கலையா?"

"என்ன கேக்க? காப்பி ஆறுது, தாம்பாளத்தக் கொண்டு போன்னா. கொண்டு போனேன்."

பெஞ்சின் கோடியில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

"அப்பா ஏசுனாரே. வருசக்கணக்கா ஏசுனாரேக்கா. ஒரு தடவகூடச் சொல்லலாம்னு ஒனக்குத் தோணலையா?"

"மதுரைக்குப் போற அன்னிக்குச் சொல்லத்தான் நெனச்சேன். அப்பா பொட்டிய பஸ்ஸுக்கு மேல ஏத்திக்கிட்டிருந்தாரு. அம்மா ஜன்னல்ட்ட வந்து நின்னா. அப்பாட்டச் சொல்லிறட்டுமான்னு கேட்டேன். ஏசிட்டுப் போறாரு விடு, அவருக்கும் ஆறணும்லன்னா. எனக்கு என்ன, இனி இந்த வீட்டுல ரேங்க் கார்டா குடுக்கப் போறாங்கன்னா. டூட்டிக்கு நேரமாச்சுன்னு எதுத்தாப்ல நின்ன விருதுநகர் பஸ்ல ஏறிப் போயிட்டா."

மூடிய கண்ணுக்குள் மருந்து கரித்தது. முந்தானையை எடுத்தேன்.

"யாரும்மா அது? தொடைக்காதீங்கன்னு எம்புட்டுத் தடவ சொல்றது?" சின்ன நர்ஸ் எங்கிருந்தோ ஓடி வந்தது. "மருந்தெல்லாம் போச்சு. இனி முதல்ல இருந்து விடணும்."

அக்கா கண்ணைத் திறக்காமலே, பக்கத்தில் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏசாதீங்க சிஸ்டர்" என்றாள். "எங்கம்மாவக் கொண்டு பொறந்திருக்கா. அவளுக்கும் கவனம் பத்தாது."